முன்வைத்ததைச் சாப்பிட்ட மிஷனெரி
(சீன தேசத்தில் லாட்டி மூன் அம்மையார், 1840–1912)



மிஷனெரி என்று சொன்னவுடனே நம் மனக்கண் முன்னால் என்ன வருகிறது? கையில் வேதப்புத்தகம், காலில் புழுதி, வாயில் பிரசங்கம். சரிதான். சாப்பாட்டுத் தட்டு மட்டும் நம் நினைவுக்கு வருவதே இல்லை. லூக்கா 10-ம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்க. எழுபது பேரை ஆண்டவர் ஊர் ஊராக அனுப்புகிறார். வியாதியஸ்தரைச் சுகமாக்குங்கள், ராஜ்யத்தைக் குறித்துச் சொல்லுங்கள் என்று கட்டளை கொடுப்பதற்கு முன்னாலேயே சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிறார். போகிற வீட்டில் என்ன கொடுக்கிறார்களோ அதைச் சாப்பிடச் சொல்லுகிறார். 7-ம் வசனத்தில் ஒரு தரம், 8-ம் வசனத்தில் இன்னொரு தரம்.

நான் இந்தப் பகுதியைப் பலதரம் பிரசங்கித்திருக்கிறேன். ஆனாலும் ஒருமுறை ஒரு மலைக் கிராமத்துக்கு ஊழியத்துக்குப் போனபோது, புதிதாய் ரட்சிக்கப்பட்ட ஒரு வீட்டில் களியும் கீரையும் கொண்டுவந்து வைத்தார்கள். பாத்திரத்தைப் பார்த்தேன், தண்ணீரைப் பார்த்தேன். இன்றைக்கு எனக்கு உபவாசம் அம்மா என்று சொல்லிவிட்டேன். அது பொய். பையில் பிஸ்கட் பாக்கெட் இருந்தது. அந்தத் தாயார் ஒன்றும் சொல்லாமல் தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். அந்த முகம் ரொம்ப நாள் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. அதற்குப் பிறகுதான் லாட்டி மூன் அம்மையாரின் சரித்திரம் என் கையில் கிடைத்தது. அதை வாசித்து வெட்கப்பட்டேன். நீங்களும் வாசிக்கவேண்டும் என்று இதை எழுதுகிறேன்.

பரியாசம் பண்ணினவள்

அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலம், அல்பெமார்ல் என்ற பகுதி. அங்கே 1840-ம் வருஷம் டிசம்பர் 12-ம் தேதி லாட்டி பிறந்தார். முழுப்பெயர் ஷார்லட் டிகஸ் மூன். குடும்பத்துக்கு 1,500 ஏக்கர் புகையிலைத் தோட்டம் இருந்தது. அந்தக் காலத்து வழக்கப்படி அங்கே உழைத்தவர்கள் அடிமைகள். இப்படிப்பட்ட வீட்டுப் பெண்பிள்ளை அடுப்பங்கரைப் பக்கம் போகவேண்டிய அவசியமே இல்லை. அந்த நிலத்தில் நடந்த அடிமைத்தனம் பாவம்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. கர்த்தர் எங்கேயிருந்து ஒரு ஆளை எடுக்கிறார் என்பதைத்தான் கவனிக்கச் சொல்லுகிறேன்.

உருவத்தில் மிகவும் சிறியவர். உயரம் 4 அடி 3 அங்குலம்தான். புத்தியிலோ பெரியவர். கிரேக்கு, லத்தீன், பிரெஞ்சு என்று பாஷை பாஷையாகப் படித்தார். 1861-ல் எம்.ஏ. பட்டம் வாங்கினார். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் அந்தப் பட்டம் வாங்கின முதல் சில பெண்களில் இவரும் ஒருவர்.

வீட்டில் பக்தி இருந்தது, இவரிடம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையைக் கேலி பண்ணுகிற மாணவியாக இருந்தார். 1858 டிசம்பரில் ஜான் பிராடஸ் என்ற போதகர் சார்லட்ஸ்வில் நகரத்தில் எழுப்புதல் கூட்டங்கள் நடத்தினார். லாட்டியும் ஒருநாள் போனார், ஜெபிக்க அல்ல, பரியாசம் பண்ணத்தான். அன்று இரவு ஒரு நாய் விடாமல் குரைத்ததாம், தூக்கமே வரவில்லையாம். படுத்துக்கொண்டே தன் ஆத்துமாவின் நிலைமையை யோசிக்க ஆரம்பித்தார். பொழுது விடிவதற்குள் தேவனோடு கணக்குத் தீர்ந்தது. சிரிக்கப் போன பெண் ஜெபித்துக்கொண்டு திரும்பினாள். நாயைக்கூட கர்த்தர் உபயோகப்படுத்துவார், தெரியுமா?

பிறகு உள்நாட்டு யுத்தம் வந்தது. குடும்பத்தின் ஆஸ்தி கரைந்துபோனது. லாட்டி ஆசிரியையாக வேலை பார்த்தார். 1872-ல் தங்கை எட்மோனியா மிஷனெரியாகச் சீனாவுக்குப் போனாள். மறுவருஷமே, 1873 ஜூலை 7-ம் தேதி, தெற்கத்தி பாப்டிஸ்ட் மிஷன் லாட்டியையும் நியமித்தது. அவருக்கு அப்போது வயது 32.

சுவருக்குள்ளே ஒரு அமெரிக்கா

வந்து சேர்ந்த இடம் வடசீனாவில் ஷாண்டோங் மாகாணம், கடலோரத்தில் டெங்சௌ என்ற பட்டணம். இன்றைக்கு அதற்குப் பெயர் பெங்லாய். அங்கே கிராஃபோர்டு தம்பதிகள் போன்ற மூத்த மிஷனெரிகள் ஏற்கெனவே ஊழியம் செய்துகொண்டிருந்தார்கள்.

இங்கே ஒரு சுவாரசியமான விஷயம் சொல்லவேண்டும். மிஸஸ் மார்த்தா கிராஃபோர்டு அம்மையார் சீன பாஷையில் ஒரு சமையல் புத்தகம் எழுதியிருந்தார். 1866-ல் ஷாங்காயில் இருந்த பிரஸ்பிடேரியன் மிஷன் அச்சகத்தில் அது அச்சாகியிருந்தது. சீனச் சமையலைப் பற்றிய புத்தகம் என்று நினைத்துவிடாதீங்க. வெள்ளைக்காரர் வீட்டில் வேலை செய்கிற சீனச் சமையல்காரருக்கு ரொட்டி, கேக், சூப், புட்டிங் எல்லாம் எப்படிச் செய்வது என்று கற்றுக்கொடுக்கிற புத்தகம். குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அந்த அம்மையாரும் கிராமம் கிராமமாக நடந்து ஊழியம் செய்தவர்தான். ஆனால் அந்தக் காலத்து நிலைமை இதிலிருந்து புரிகிறது அல்லவா? மிஷனெரி சீன தேசத்துக்கு வந்துவிட்டார், அவருடைய வயிறு இன்னும் கப்பலைவிட்டு இறங்கவில்லை.

லாட்டியும் ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்தார். முதல் வருஷங்களில் சீனரைப் பற்றி அவருக்கு நல்ல எண்ணம் இல்லை. அழுக்கு, நாற்றம், அறியாமை, இவைகள்தான் கண்ணில் பட்டன. தங்கை எட்மோனியா உடலும் மனமும் உடைந்து 1876-ல் ஊர் திரும்பவேண்டியதாயிற்று. லாட்டி அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு 1877-ல் தனியாகத் திரும்பி வந்தார். பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார். அதில் அவருக்குத் திருப்தி இல்லை. ஆத்துமாக்கள் சுவருக்கு வெளியே இருக்கும்போது நான் சுவருக்குள்ளே எழுத்து சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேனே என்ற பாரம் அவரை அழுத்தினது.

அடுப்பிலிருந்து புறப்பட்ட சுவிசேஷம்

1885-ம் வருஷக் கடைசியில், 45 வயதில், அவர் ஒரு துணிகரமான காரியம் செய்தார். டெங்சௌவிலிருந்து சுமார் 120 மைல் உள்ளே இருக்கிற பிங்டு என்ற ஊருக்குத் தனியாகவே குடிபோனார். நாலு நாள் பிரயாணம். இரண்டு கோவேறு கழுதைகளுக்கு நடுவே கழிகளைக் கட்டி, அதன்மேல் ஒரு கூண்டு வைத்திருப்பார்கள். அதற்குள்ளே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கிப் போகவேண்டும். போய்ச் சேர்ந்த இடத்தில் அவர் பாஷையைப் பேச ஒருவரும் இல்லை.

தெருவில் நடந்தால் பிள்ளைகள் அந்நியப் பிசாசு என்று கத்திக்கொண்டு ஓடும். தாய்மார் கதவைச் சாத்துவார்கள். வெள்ளைக்காரர் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற வதந்தி அந்தக் காலத்தில் சீனா முழுவதும் இருந்தது. இப்படிப்பட்ட ஊரில் என்ன பிரசங்கம் பண்ணுவீங்க? யார் வந்து கேட்பார்கள்?

அம்மையார் அடுப்பைப் பற்றவைத்தார். மாவு, சர்க்கரை, வெண்ணெய், முட்டை சேர்த்துத் தன் ஊர் வழக்கப்படி பிஸ்கட் சுட்டார். வடசீனக் கிராமத்துச் சமையலில் ஆவியில் அவிப்பதும், வேகவைப்பதும், எண்ணெயில் வதக்குவதும்தான் வழக்கம். வெண்ணெய் போட்டுச் சுடுகிற வாசனை அந்தத் தெருவுக்குப் புதிது. முதலில் பிள்ளைகள் வாங்கவே பயந்தார்கள், விஷம் வைத்திருப்பாள் என்று பெரியவர்கள் சொல்லியிருந்தார்களாம். ஒரு தைரியசாலிப் பையன் கடித்துப் பார்த்தான். சாகவில்லை. அவ்வளவுதான், அடுத்தநாள் வாசலில் கூட்டம். பிள்ளைகளுக்குப் பின்னாலே அம்மாமார் வந்தார்கள், அம்மாமாருக்குப் பின்னாலே பாட்டிமார் வந்தார்கள். பிசாசு என்று பேர் வாங்கினவர் பிஸ்கட் அம்மாவாக மாறினார்.

இந்தக் கதையை ஞாயிறு பள்ளிகளில் உலகமெங்கும் சொல்லுகிறார்கள். அநேகமாக இதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் பிரியமானவர்களே, எனக்கு இதற்கு அடுத்து நடந்ததுதான் பெரியதாகத் தெரிகிறது. பிஸ்கட் கொடுக்கிறது சுலபம். கொடுக்கிறவர் எப்போதும் மேலே நிற்கிறார், வாங்குகிறவர் கீழே நிற்கிறார். அந்த ஜனங்கள் திரும்பக் கொடுத்ததை இவர் வாங்கிச் சாப்பிட்டாரா? அதுதான் கேள்வி.

தினைக் கஞ்சியும் செங்கல் கட்டிலும்

சீனா என்றால் சோறு என்று நாம் நினைக்கிறோம். அது தென்சீனா. ஷாண்டோங் குளிர் தேசம், அங்கே நெல் அபூர்வம். கோதுமை, தினை, சோளம், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, இவைகள்தான் அந்த ஜனங்களின் ஆகாரம். வசதியுள்ளவர்கள் வீட்டில் கோதுமை மாவைப் புளிக்கவைத்து, நம்ம இட்லி மாதிரி ஆவியில் அவித்து, உருண்டை ரொட்டி செய்வார்கள். அதற்கு மான்டௌ என்று பெயர். ஏழை வீட்டில் அது பண்டிகைச் சாப்பாடு. மற்ற நாளெல்லாம் தினைக் கஞ்சி, சோள ரொட்டி, காயவைத்த கிழங்கு, உப்பில் ஊறின காய். வருஷப்பிறப்பு வந்தால் மாவுக்குள்ளே இறைச்சியும் கீரையும் பூரணமாக வைத்து, கொழுக்கட்டை மாதிரி மடித்துத் தண்ணீரில் வேகவைப்பார்கள். வீட்டுப் பெண்கள் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து மடிப்பார்கள். பால், தயிர், வெண்ணெய் கிடையாது. தேநீரிலும் பால் இல்லை, சர்க்கரை இல்லை, வெறும் இலைத் தண்ணீர்தான். விருந்தாளி வந்தால் முதலில் அதைத்தான் இரண்டு கையாலும் நீட்டுவார்கள்.

தூங்குகிற இடமும் சமையலோடு சேர்ந்ததுதான். காங் என்று சொல்லுகிற செங்கல் மேடை ஒன்று இருக்கும். பக்கத்து அடுப்பில் கஞ்சி கொதிக்கும்போது அந்தப் புகையும் சூடும் மேடைக்கு அடியிலே ஓடி அதைச் சூடாக்கும். ஒரே விறகில் வயிறும் நிரம்பும், முதுகும் காயும். வீட்டிலுள்ள எல்லாரும் அதன்மேலேதான் உட்காருவார்கள், சாப்பிடுவார்கள், உறங்குவார்கள்.

அம்மையார் அந்த மேடையின்மேல் ஏறி உட்கார்ந்தார். கிராமங்களுக்குப் போகும்போது காலையிலிருந்து இரவுவரை கூட்டம் அவரைச் சுற்றிக்கொள்ளும். சாப்பிடும்போதும் விடமாட்டார்கள். அந்நிய ஸ்திரீ குச்சியை எப்படிப் பிடிக்கிறாள் என்று பார்க்க ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார்கள். பஞ்சு வைத்துத் தைத்த சீன அங்கியை அவர் உடுத்திக்கொண்டார். அவர்கள் சாப்பாட்டைச் சாப்பிட்டார், அவர்கள் மரியாதை முறைகளைக் கற்றுக்கொண்டார். அந்த உடையைப் போட்ட பிறகு தெருவில் ஏச்சுப் பேச்சு குறைந்துபோனது.

இதிலே ஒரு பெரிய மாறுதல் அவருக்குள்ளேயே நடந்தது. முன்னே அழுக்கு ஜனம் என்று பார்த்தவர், இப்போது அவர்களுடைய பாசத்தையும் பழைய நாகரிகத்தையும் பார்க்க ஆரம்பித்தார். பிற்காலத்தில், அஞ்ஞானிகள் என்று இகழ்ச்சியாகச் சொல்லுகிற வழக்கத்தை மிஷனெரிகள் விட்டுவிடவேண்டும் என்று எழுதுகிற அளவுக்கு மாறிப்போனார். கண் எப்போது திறந்தது என்று நினைக்கிறீங்க? என் எண்ணத்தில், தட்டு மாறினபோது கண்ணும் மாறினது. ஒருவருடைய கஞ்சியைக் குடித்தபிறகு அவரை இகழுவது கஷ்டம்.

அந்த மாகாணத்தில் மிஷனெரிகள் உணவு விஷயத்தில் நல்லதும் செய்திருக்கிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். டெங்சௌவில் இருந்த மில்ஸ் என்ற பிரஸ்பிடேரியன் ஊழியர் பெரிய ரக வேர்க்கடலையை அங்கே பரப்பினார். பக்கத்துச் சீஃபூ பட்டணத்தில் ஜான் நீவியஸ் என்ற மிஷனெரி 1871-ல் அமெரிக்க ஆப்பிள் கன்றுகளைக் கொண்டுவந்து நட்டார். அந்த ஊர் இன்றைக்கு யான்டாய். ஆப்பிளுக்கும் வேர்க்கடலைக்கும் ஷாண்டோங் இன்றும் பேர்போன இடம்.

ஷாலிங் கிராமத்தில் முதற்பலன்

1887-ல் ஒருநாள் பிங்டுவில் அம்மையார் வீட்டு வாசலில் முன்பின் தெரியாத மூன்று ஆண்கள் வந்து நின்றார்கள். பத்து மைல் சுற்றளவில் உள்ள ஷாலிங் என்ற கிராமத்திலிருந்து வந்திருந்தார்கள். இந்தப் புது உபதேசத்தை எங்களுக்கும் வந்து சொல்லவேண்டும் என்று கேட்டார்கள். அவர் ஓய்வுக்காகச் சொந்த ஊர் போகவேண்டிய காலம் அது. வந்து பத்து வருஷம் ஆகிவிட்டது, உடம்பு தளர்ந்திருந்தது. போகவில்லை. ஷாலிங்குக்குப் போனார். டான் ஹோ-பாங் என்பவருடைய வீட்டில் ஜனங்கள் கூடினார்கள். இவ்வளவு தாகத்தோடு கேட்கிற ஜனத்தை அவர் அதுவரைக்கும் சீனாவில் பார்த்ததில்லை. 1889-ல் அங்கே சபை உருவாயிற்று, ஞானஸ்நானம் நடந்தது.

புது விசுவாசிகளுக்குச் சோதனையும் சாப்பாட்டு வழியாகவே வந்தது. சீனக் குடும்பத்தில் வருஷப்பிறப்பு வந்தால் செத்துப்போன முன்னோர்களின் பெயர் எழுதின பலகைக்கு முன்பாக உணவு படைத்து, விழுந்து வணங்கவேண்டும். அதன்பிறகுதான் வீட்டார் பந்தியில் உட்காருவார்கள். வணங்கமாட்டேன் என்று சொன்னால் அவன் தகப்பனுக்கும் தாய்க்கும் துரோகி, பந்தியில் அவனுக்கு இடமில்லை. நாம் லேசாக எண்ணிவிடக்கூடாது. நமக்குச் சபை மாறுவது மாதிரி அல்ல அது, ஒரு மனுஷன் தன் வீட்டுச் சோற்றையே இழந்துபோகிற காரியம்.

1890-ல் ஷாலிங்கில் உபத்திரவம் வெடித்தது. டான் ஹோ-பாங்கைக் கட்டிவைத்து அடித்தார்கள். லி ஷோ-டிங் என்ற வாலிபனை அவன் சொந்த அண்ணன்மாரே அடித்து, தலைமயிரைப் பிடுங்கினார்கள் என்று சொல்லுகிறார்கள். கேள்விப்பட்டவுடனே அம்மையார் புறப்பட்டு ஓடினார். அடிக்கிறவர்கள் முன்னே அந்த 4 அடி 3 அங்குல ஸ்திரீ போய் நின்றார். இந்தச் சபையை அழிக்கவேண்டுமானால் முதலில் என்னைக் கொன்றுபோடுங்கள் என்கிற விதமாய்ப் பேசினார். வாளை ஓங்கினவனும் இறக்கிவிட்டான் என்பது அங்கே வழங்குகிற சாட்சி.

அந்த லி ஷோ-டிங் யார் தெரியுமா? கன்பூசியஸ் நூல்களைக் கரைத்துக் குடித்த படிப்பாளி. முதலில் சுவிசேஷத்தைப் பார்த்துச் சிரித்தவன். எழுத்து தெரியாத ஒரு வயதான உறவினர் புதிய ஏற்பாட்டைக் கொடுத்து, இதை எனக்கு வாசித்துக்காட்டு என்று கேட்க, வாசிக்கப்போய் மாட்டிக்கொண்டான். வர்ஜீனியாவில் பரியாசம் பண்ணினவளைப் பிடித்த கர்த்தர், ஷாலிங்கில் பரியாசம் பண்ணினவனையும் பிடித்தார். பிறகு அவர் போதகராக அபிஷேகம் பண்ணப்பட்டு, தன் ஊழியகாலத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாக மிஷன் சரித்திரம் கூறுகிறது. அம்மையார் ஒருத்தராக எத்தனை பேரைச் சந்தித்திருக்க முடியும்? அந்த மண்ணின் கஞ்சியைக் குடித்து வளர்ந்த ஒரு ஆளைக் கர்த்தர் எழுப்பினார், ஊழியம் பலமடங்கு பெருகிற்று.

கிறிஸ்மஸ் காணிக்கை

ஷாலிங்கைப் பார்த்த பிறகு தனியாளாக முடியாது என்று அம்மையாருக்குத் தெரிந்துபோயிற்று. இன்னும் ஊழியக்காரிகளை அனுப்புங்கள் என்று கடிதத்துக்குமேல் கடிதம் எழுதினார். 1887 டிசம்பரில் அச்சான ஒரு கடிதத்தில், கிறிஸ்மஸுக்கு முந்தின வாரத்தை ஜெபத்துக்கும் மிஷனெரி காணிக்கைக்கும் என்று ஒதுக்கிவையுங்கள் என்று ஆலோசனை சொன்னார். பண்டிகை என்றால் கேக்கும் விருந்தும்தானே? அந்த விருந்து நாளிலே, ருசி பாராத ஒரு ஜனத்தை நினையுங்கள் என்று கேட்டார்.

தென்மாநிலத்துச் சகோதரிகள் 1888-ல் ஒரு சங்கமாகக் கூடி, அந்தக் கிறிஸ்மஸுக்கு 3,315 டாலர் சேர்த்தார்கள். மூன்று புதிய ஊழியக்காரிகளை அனுப்ப அது போதுமாயிருந்தது. மாற்று ஆட்கள் வந்து பழகினபிறகுதான், 1891-ல், 14 வருஷத்துக்குப் பிறகு அம்மையார் ஓய்வுக்கு ஊர் போனார். 1918-ல் அந்தக் காணிக்கைக்கு அவர் பெயரையே வைத்தார்கள். இன்றும் ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் அது எடுக்கப்படுகிறது. இதுவரை நூற்றுக்கணக்கான கோடி டாலர்கள் மிஷனெரி ஊழியத்துக்குப் போயிருக்கிறது.

காலியான பானை

1900-ல் பாக்ஸர் கலகம். மிஷனெரிகளும் சீன விசுவாசிகளும் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். அம்மையார் சிலகாலம் ஜப்பானில் ஃபுகுவோகா பட்டணத்தில் தங்கி, மறுவருஷம் திரும்பி வந்தார். கடைசி வருஷங்களை டெங்சௌவிலேயே கழித்தார். பள்ளிக்கூடம், ஸ்திரீகளுக்குப் போதனை, வாசலுக்கு வருகிறவர்களுக்கு ஆகாரம், இப்படியே நாட்கள் ஓடின.

1911-ல் புரட்சி. அதோடு கொள்ளைநோய், பஞ்சம். பிங்டு பகுதியில் தான் பெற்றெடுத்த விசுவாசிகள் பட்டினி கிடக்கிறார்கள் என்று கேள்விப்பட்டார். மிஷன் கடனில் இருந்ததால் அங்கேயிருந்து உதவி வரவில்லை. கையில் இருந்ததைக் கொடுத்தார். பாங்கில் இருந்ததையும் எடுத்துக் கொடுத்தார். வாசலுக்கு வந்தவர்களுக்குத் தன் பங்கையும் கொடுத்தார். மற்றவர்கள் பசித்திருக்கும்போது எனக்கு மட்டும் எப்படி இறங்கும் என்பதுபோல் அவருடைய சாப்பாடு குறைந்துகொண்டே வந்தது.

இந்த இடத்தில் நிதானமாகப் பேசவேண்டும். வேண்டுமென்றே பட்டினி கிடந்து உயிரைவிட்டார் என்று சிலர் அலங்காரமாகச் சொல்லுகிறார்கள். அது சரியல்ல. 72 வயதை எட்டுகிற சரீரம், காதுக்குப் பின்னால் ஆறாத புண், தாங்கமுடியாத மனச்சோர்வு, இவையெல்லாம் சேர்ந்துதான் அவரைச் சாய்த்தது. தேவனுடைய பிள்ளைக்கும் மனம் உடையும். எலியா சூரைச்செடியின் கீழே படுத்துவிடவில்லையா? அப்போது தேவதூதன் அவனுக்குப் பிரசங்கம் பண்ணவில்லை, சுட்ட அப்பமும் தண்ணீரும் கொடுத்தான். உடன்ஊழியர்கள் விஷயத்தைத் தெரிந்துகொள்வதற்குள் அம்மையாரின் எடை 50 பவுண்டு, அதாவது சுமார் 23 கிலோவாகக் குறைந்துவிட்டதாகச் சொல்லுகிறார்கள். நம்ம வீட்டு ஏழு வயதுப் பிள்ளையின் எடை.

ஊருக்கு அனுப்பினால் பிழைப்பார் என்று, நர்ஸ் சிந்தியா மில்லர் அவர்களோடு கப்பலில் ஏற்றினார்கள். கப்பல் ஜப்பானில் கோபே துறைமுகத்தில் நின்றபோது, 1912 டிசம்பர் 24-ம் தேதி, கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். எந்தக் கிறிஸ்மஸ் காலத்தை அவர் மிஷனெரி ஊழியத்துக்கு ஒதுக்கிவைக்கச் சொன்னாரோ, அந்தக் கிறிஸ்மஸுக்கு முந்தினநாள். ஜப்பானிலே சரீரம் தகனம் செய்யப்பட்டு, அஸ்தி வர்ஜீனியாவுக்குப் போய்ச் சேர்ந்தது. டெங்சௌ விசுவாசிகள் 1915-ல் அவருக்கு ஒரு நினைவுக்கல் நாட்டினார்கள்.

விளைந்தது என்ன?

லாட்டி அம்மையார் பாப்டிஸ்ட் சபைக்காரர். நாம் சொல்லுகிற பரிசுத்த ஆவியின் அபிஷேக அனுபவத்தைப் பற்றி அவர் பேசினதாக நான் எங்கும் வாசிக்கவில்லை. ஆனால் இதைக் கேளுங்க. 1927 தொடங்கி 1930-கள் வரைக்கும் ஷாண்டோங் மாகாணத்தில் ஒரு பெரிய எழுப்புதல் உண்டாயிற்று. நார்வே தேசத்து மேரி மான்சென் என்ற லூத்தரன் சகோதரியைக் கர்த்தர் அதிலே வல்லமையாய் உபயோகித்தார். பாவ அறிக்கை, கண்ணீர், விடிய விடிய ஜெபம், வியாதியஸ்தருக்குச் சுகம். அக்கினி விழுந்த இடங்களில் பிங்டுவும் ஒன்று. ஒரு தலைமுறைக்கு முன்னாலே ஒரு சிறிய ஸ்திரீ செங்கல் மேடையில் உட்கார்ந்து தினைக் கஞ்சி குடித்த அதே கிராமங்கள்! கோதுமை மணி மண்ணுக்குள்ளே போய்ச் செத்தால்தான் பலன் என்று ஆண்டவர் யோவான் 12-ல் போதித்தது பொய்யாகுமா?

தேவ ஜனமே, இந்தச் சரித்திரத்தில் நான் மூன்று பந்தியைப் பார்க்கிறேன். முதல் பந்தியில் அம்மையார் தன்னுடையதைக் கொடுத்தார், பயம் போயிற்று. இரண்டாவது பந்தியில் அவர்களுடையதை வாங்கிச் சாப்பிட்டார், இருதயம் திறந்தது. மூன்றாவது பந்தியில் தன் பங்கையே விட்டுக்கொடுத்தார், நினைவு நிலைத்தது. நம்மில் அநேகர் முதல் பந்தியோடு எழுந்துவிடுகிறோம். துணி கொடுக்கிறோம், அரிசி கொடுக்கிறோம், நோட்டுப் புத்தகம் கொடுக்கிறோம், போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம். அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவர்கள் கொடுக்கிற ஒரு வாய் வாங்கிச் சாப்பிடுவதில்லை. அவர்கள் நம்மிடம் வாங்குகிறவர்களாகவே நிற்கிறார்கள். சகோதரராக ஆகவில்லை.

மிசோரம் சபைகளில் 1910-லிருந்து ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு வேளை சமைக்கும்போதும் ஒரு கைப்பிடி அரிசியைக் கர்த்தருக்கென்று தனியே எடுத்துவைப்பார்கள். அந்த அரிசியிலிருந்து மிஷனெரிகளை அனுப்பியிருக்கிறார்கள். நம் பக்கத்துச் சபைகளிலும் கைப்பிடி அரிசிக் காணிக்கை உண்டு. பெரிய காணிக்கை கொடுக்க வசதியில்லையே என்று கலங்குகிற சகோதரியே, உன் அரிசிப்பானையும் மிஷனெரி ஊழியம் செய்யும்.

கடைசியாக ஒன்று. நான் அந்த மலைக் கிராமத்துக்கு மறுபடியும் போனேன். அந்தத் தாயாரிடம், அன்றைக்கு உபவாசம் என்று சொன்னது பொய், மன்னித்துவிடுங்கள் அம்மா, இன்றைக்குப் பசியோடு வந்திருக்கிறேன் என்று சொன்னேன். அவர்கள் சிரித்துவிட்டு உள்ளே போய்க் களி கிண்டினார்கள். சாப்பிட்டு முடித்து, அங்கேயே முழங்கால்படியிட்டோம். அந்த வீட்டில் நான் பண்ணின முதல் உண்மையான ஜெபம் அதுதான் என்று நினைக்கிறேன்.

வாசிக்கிற நாமும் ஒரு நிமிஷம் ஜெபிப்போமா? ஆண்டவரே, எங்கள் பெருமையை எங்கள் தட்டிலிருந்தும் எடுத்துப்போடும். நீர் அனுப்புகிற வீட்டில், நீர் வைக்கிற பந்தியில், சந்தோஷத்தோடே உட்கார எங்களுக்குக் கிருபை தாரும். ஆமென்.